ஒரே டிக்கெட், இரண்டு விமானங்கள்: கூட்டாளி நிறுவனங்களின் சேவை ஏன் ஒத்துப்போவதில்லை?

ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தங்களுக்குள் இருந்த கோட்ஷேர் உடன்பாட்டை, அதாவது ஒருவர் விமானத்தை மற்றவர் தன் பெயரில் விற்கும் ஏற்பாட்டை, 2024 அக்டோபரில் பெரிதாக விரித்தன. அடுத்த மாதமே, நவம்பர் 12 அன்று, டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. இணைந்த நிறுவனத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. ஜெர்மனியின் லுஃப்தான்சாவுடனான ஏர் இந்தியாவின் உடன்பாடும் 2025இல் விரிந்தது. ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் பணம் கட்டி, இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறுவது இந்தியப் பயணிகளுக்கு அன்றாட வழக்கமாகிவிட்டது. ஏறிய பிறகு எழும் கேள்வி ஒன்றுதான்: போக வர ஒரே கட்டணம் வாங்கினார்கள்; போகும்போது கிடைத்த இருக்கையும் சாப்பாடும் கவனிப்பும் வரும்போது எங்கே போயின?

பணியாளர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் தங்கள் நிறுவனம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறார்கள். வேறுபாட்டின் வேர் உடன்பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கூட்டாளிகள் எதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எதைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இது புரியும்.

கூட்டு என்றால் எந்தக் கூட்டு?

செய்திகளில் எல்லாவற்றையும் ‘கூட்டணி’ என்றே எழுதிவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. நெருக்கம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. இன்டர்லைன். இரண்டு நிறுவனங்களின் பயணங்களை ஒரே டிக்கெட்டில் எழுதலாம். பெட்டியைக் கடைசி ஊர் வரை அனுப்பலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் சொந்த எண்தான்.

2. கோட்ஷேர். ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்துக்கு இன்னொரு நிறுவனமும் தன் எண்ணைச் சூட்டி, தன் பெயரில் விற்கிறது. விமான நிலையப் பலகையில் ஒரே விமானத்துக்கு மூன்று நான்கு எண்கள் மாறி மாறி ஓடுவது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 1990இல் இப்படி விமானங்களை விற்றபோது இந்தப் பெயர் நிலைபெற்றது.

3. உலகக் கூட்டணி. பல நாட்டு நிறுவனங்கள் ஒரு பொதுப் பெயரின் கீழ் சேர்ந்து, ஓய்வறை, மைல் புள்ளி போன்ற சலுகைகளைப் பகிர்ந்துகொள்வது. ஸ்டார் அலையன்ஸ் (1997), ஒன்வேர்ல்டு (1999), ஸ்கைடீம் (2000) ஆகிய மூன்றும் இந்த வகை. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸிலும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு மே மாதம் ஒன்வேர்ல்டிலும் சேர்ந்தன.

4. கூட்டு வணிகம். குறிப்பிட்ட வழித்தடங்களில் கால அட்டவணை, கட்டணம், வருவாய் எல்லாவற்றையும் சேர்ந்தே முடிவு செய்வது. போட்டியாளர்கள் கூடி விலை வைப்பது சாதாரணமாகக் குற்றம் என்பதால் இதற்கு அரசின் தனி விலக்கு வேண்டும். அமெரிக்காவில் அந்த விலக்கை முதலில் பெற்றவை நெதர்லாந்தின் கேஎல்எம்மும் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட்டும், ஆண்டு 1993.

இவை தவிர, பணியாளருடன் குத்தகை என்று ஒன்று உண்டு. இண்டிகோ 2025 மார்ச்சில் தில்லி–பாங்காக் வழியில் போயிங் 787 விமானத்தைப் பறக்கவிட்டபோது எண் இண்டிகோவினுடையது. விமானமும் விமானிகளும் நார்வேயின் நார்ஸ் அட்லான்டிக் நிறுவனத்துடையவை. கோட்ஷேரில் எண் போய் அடுத்தவர் விமானத்தில் ஒட்டுகிறது. குத்தகையில் விமானமே வந்து சேர்கிறது. பயணிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பொறுப்பு வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

விமானத்துக்குள் யாருடைய ஆட்சி?

ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் ‘இயக்கும் நிறுவனம்’ உண்டு. விமானப் போக்குவரத்து ஆணையம் உரிமம் தருவது அதற்குத்தான். கதவு திறப்பது முதல் சூடான தேநீர் எடுத்துச் செல்வது வரை எல்லாமே அந்த நிறுவனத்தின் கையேட்டில் எழுதப்பட்டு, அந்த வகை விமானத்தில் பயிற்சி பெற்றவர்களால் செய்யப்படுகிறது. விற்ற நிறுவனம் தன் ஆளை அனுப்பி, “எங்கள் பயணிகளை எங்கள் முறைப்படி கவனியுங்கள்” என்று சொல்ல முடியாது.

பணியாளர் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்பது உலகில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் குறைந்தபட்சப் பாதுகாப்பு அளவு. அதற்கு மேல் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் வணிகக் கணக்குப்படி முடிவு செய்வது. ஒரே அளவு விமானத்தில் ஒரு நிறுவனம் எட்டுப் பேரையும் இன்னொன்று பன்னிரண்டு பேரையும் வைத்தால், அழைப்பு மணி அடித்தபின் காத்திருக்கும் நேரம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

பாதுகாப்பில் மட்டும் இந்தச் சுதந்திரம் இல்லை. கூட்டாளியின் விமானத்தில் தன் எண்ணை ஒட்டுமுன் அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகள் தணிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்கா தன் நிறுவனங்களிடம் கேட்கிறது. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் ஐயோசா என்ற பாதுகாப்புத் தணிக்கை இதற்காகப் பரவலாகப் பயன்படுகிறது. சேவைக்கு இப்படி ஒரு பொதுத் தணிக்கை இல்லை.

லண்டன்–நியூயார்க்: கூட்டு முழுமையாக இருந்தும்

‘கூட்டு ஆழமாக ஆக, சேவையும் ஒன்றாகிவிடும்’ என்று நினைக்கத் தோன்றும். அதைச் சோதிக்க உலகின் மிக வருவாயுள்ள வழித்தடங்களில் ஒன்றான லண்டன்–நியூயார்க்கைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஸ்பெயினின் ஐபீரியாவும் 2010 அக்டோபரில் அட்லான்டிக் வழித்தடங்களில் கூட்டு வணிகம் தொடங்கின. அன்றுமுதல் இவற்றில் எந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினாலும் கூட்டாளிகளின் விமானங்கள் ஒரே பட்டியலில், பல சமயம் ஒரே கட்டணத்தில் வருகின்றன.

இருக்கைகளைப் பாருங்கள். பிசினஸ் வகுப்பில் முழுதாகப் படுக்கக்கூடிய இருக்கையை 2000இல் கொண்டுவந்து பெயர் வாங்கியது பிரிட்டிஷ் ஏர்வேஸ். பாதிப்பேர் முன்னோக்கியும் பாதிப்பேர் பின்னோக்கியும் அமரும் அமைப்பு அது. போயிங் 777 விமானத்தில் ஒரு வரிசைக்கு எட்டுப் பேர். ஜன்னலோரப் பயணி நடைவழிக்கு வர வேண்டுமென்றால், நீட்டிப் படுத்திருக்கும் அடுத்தவரின் கால்களைத் தாண்டித்தான் வரவேண்டும். அமெரிக்கன் நிறுவனம் 2013இல் இறக்கிய 777-300ஈஆர் விமானங்களில் வரிசைக்கு நான்கே பேர். எல்லோருக்கும் நேரடியாக நடைவழி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதவு வைத்த புதிய இருக்கையை அறிமுகப்படுத்தியது 2019இல். அதுவும் ஒரு விமான வகையில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவியது. ஆக, வருவாயைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு கூட்டாளிகள், ஒரே வழித்தடத்தில், ஒரே வகுப்புப் பெயரில், ஆண்டுக்கணக்காக இரண்டு வெவ்வேறு தரங்களை விற்றார்கள்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பான பிரீமியம் எகானமியில் கதை தலைகீழ். பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதைத் தனி அறையாக, அகலமான இருக்கையுடன் 2000 முதலே வைத்திருந்தது. அமெரிக்கனிடம் அப்படி ஒரு வகுப்பு 2016 வரை இல்லை. கால் நீட்டக் கொஞ்சம் கூடுதல் இடம் உள்ள சாதாரண எகானமி வரிசைகள்தான் இருந்தன. போகும்போது ஒன்றில் ஏறி, வரும்போது மற்றதில் ஏறியவருக்குத் தான் வாங்கிய வகுப்பே பாதி வழியில் மறைந்துபோனதாகத் தோன்றியிருக்கும். அமெரிக்காவின் டெல்டா 2013இல் பிரிட்டனின் விர்ஜின் அட்லான்டிக்கில் 49 சதவீதம் வாங்கிய பின்னும் இந்த வகுப்பில் இதே சிக்கல் சில ஆண்டுகள் நீடித்தது.

வருவாய் பொதுவில், செலவு தனித்தனியே

கூட்டு வணிகத்தில் இருப்பவர்கள் ‘மெட்டல் நியூட்ரல்’ என்ற நிலையை இலக்காகச் சொல்வார்கள். பயணி யாருடைய விமானத்தில் ஏறினாலும் கூட்டாளிகளுக்குக் கிடைக்கும் பணம் பெரிதாக மாறாது என்பது அதன் பொருள். விற்பனைப் பிரிவுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. சேவைத் தரத்துக்கு இது எதிராக வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. இரண்டு நிறுவனங்கள் வருவாயை மட்டும் ஒரே பானையில் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் ஒவ்வொரு பயணிக்கும் சாப்பாட்டில் 300 ரூபாய் கூடுதலாகச் செலவிடுகிறது.

2. அந்த 300 ரூபாய் முழுவதும் அதன் சொந்தக் கணக்கில் செலவாக விழுகிறது.

3. நல்ல சாப்பாட்டினால் பயணிகள் கூடினால், கூடிய வருவாய் பானைக்குப் போய் இருவருக்கும் பங்காகிறது.

4. செலவு செய்யாத கூட்டாளிக்கும் ஆதாயம் கிடைக்கிறது. முதல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு அடுத்த ஆண்டு அந்த 300 ரூபாயைக் கேள்வி கேட்கத் தொடங்கும்.

இலாபத்தையே, அதாவது செலவு கழித்த மிச்சத்தையே பங்கிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். ஆனால் அதற்கு ஒருவர் கணக்குப் புத்தகத்தை மற்றவர் திறந்து பார்க்க வேண்டும். எரிபொருள், சம்பளம், குத்தகை எல்லாவற்றையும் எப்படிக் கணக்கிடுவது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு நம்பிக்கை எல்லாக் கூட்டாளிகளிடமும் இருப்பதில்லை.

வெறும் கோட்ஷேரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இருவரும் சட்டப்படி போட்டியாளர்களாகவே தொடர்கிறார்கள். விற்றவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தரகுத் தொகை. தரத்தை உயர்த்தும்படி இயக்குபவரை வற்புறுத்த அவரிடம் பிடி இல்லை.

இருக்கை மாறப் பத்தாண்டு ஏன்?

மனம் இருந்தாலும் இருக்கையை நினைத்தவுடன் மாற்ற முடியாது. விமான இருக்கை புவியீர்ப்பைப் போலப் பதினாறு மடங்கு மோதல் விசையைத் தாங்குகிறதா, தலை மோதினால் என்ன ஆகும், தீப்பிடித்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று சோதித்த பிறகே ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கு அனுமதி கிடைக்கும். உலகில் இதைச் செய்யும் ஆலைகள் சில; காத்திருக்கும் நிறுவனங்கள் பல. ஏர் இந்தியா தன் பழைய பெரிய விமானங்களைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் திட்டத்தை 2022 டிசம்பரில் அறிவித்தது. முதலில் சிறிய விமானங்களில் வேலை தொடங்கியதே 2024 செப்டம்பரில்தான். முதல் 787-8 விமானம் கலிபோர்னியாவுக்குப் புதுப்பிக்கப் போனது 2025 ஜூலையில்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயே தரம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. விஸ்தாரா இணைந்தபோது அதன் விமானங்களின் எண்களுக்கு முன்னால் 2 என்ற இலக்கம் சேர்க்கப்பட்டது. யூகே 955 என்று பறந்தது ஏஐ 2955 ஆனது. வண்ணமும் பெயரும் மாறினாலும் பழைய விஸ்தாராவின் இருக்கையும் பணியாளரும் உணவும் அந்த எண்களில் தொடர்ந்ததால், விவரம் தெரிந்த பயணிகள் டிக்கெட் வாங்கும்போது அந்த ‘2’ இருக்கிறதா என்று தேடினார்கள். ஒரே உரிமையாளரின் கீழ் வந்த இரண்டு படைகளுக்கே இந்த நிலை என்றால், கடல் கடந்த கூட்டாளியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

சாப்பாட்டில் சிக்குபவர்கள்

இந்தியப் பயணிகளை, அதிலும் சைவ உணவுக்காரர்களை, மிக அதிகமாகக் காயப்படுத்துவது இந்த இடம். சிறப்பு உணவுகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான நான்கெழுத்துக் குறிகள் உண்டு. குறி பொதுவாக இருந்தாலும் தட்டில் வருவது பொது அல்ல. நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியவை:

1. ஏவிஎம்எல்: இந்திய முறைச் சைவம். மசாலா இருக்கும், பாலும் தயிரும் இருக்கலாம். நம் வீட்டுச் சைவத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

2. விஜிஎம்எல்: பால் பொருளும் முட்டையும் அறவே இல்லாத உணவு. பெரும்பாலும் மேற்கத்தியச் சமையல்.

3. விஎல்எம்எல்: பாலும் முட்டையும் சேரக்கூடிய மேற்கத்தியச் சைவம். முட்டை சாப்பிடாதவர்கள் இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆம்லெட்டைக் கண்டு திகைப்பது உண்டு.

4. எச்என்எம்எல்: ‘இந்து உணவு’ என்று பெயர். மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ ஆடோ மீனோ இருக்கும். பெயரைப் பார்த்துச் சைவம் என்று எண்ணி ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு.

5. விஜேஎம்எல்: சமண உணவு, வெங்காயம், பூண்டு, கிழங்குகள் தவிர்த்தது.

இந்தக் கோரிக்கை விற்ற நிறுவனத்தின் கணினியில் பதிவானால் போதாது. அது இயக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கே உறுதியாகி, அவர்கள் அமர்த்தியிருக்கும் சமையல் கூடத்துக்கு, புறப்பாட்டுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே எட்ட வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் விமானத்தில் அந்தத் தட்டே ஏறாது. வானில் இருக்கும் பணியாளர் என்ன செய்வார்? அவரிடம் உள்ள பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. பத்து மணி நேரப் பயணத்தில் ரொட்டியும் பழத்துண்டும் மட்டும் தின்று இறங்கும் முதியவரைப் பற்றி ‘சின்ன வசதிக் குறைவு’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

கூட்டாளிக்காகச் சாப்பாட்டை மாற்றிய நிறுவனமும் இருக்கிறது. குவான்டாஸ் 2013இல் எமிரேட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஐரோப்பியப் பயணங்களைத் துபாய் வழியாக மாற்றியபோது, அந்த வழியில் பன்றி இறைச்சியை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. வேண்டுமென்று முடிவெடுத்தால் ஒருங்கிணைக்க முடியும் என்பதை அது காட்டியது. அந்த உறுதிக்குப் பின்னால் ஒரு முழுப் பயண வலையமைப்பே கைமாறும் அளவு பெரிய வணிகம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தரையில் கிடைக்கும் ஒற்றுமை

ஸ்டார் அலையன்ஸ் போன்ற கூட்டணிகள் எதை உறுதி தருகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் எல்லாம் விமானத்துக்கு வெளியே: ஓய்வறை, முன்னுரிமை வரிசை, கூடுதல் பெட்டி, மைல் புள்ளி. இவற்றை எண்ணலாம், சரிபார்க்கலாம், கூட்டாளிக்குப் பணமாகக் கொடுத்துத் தீர்க்கலாம். சாப்பாட்டின் ருசிக்கும் பணியாளரின் கனிவுக்கும் அப்படிக் கணக்கு எழுத வழியில்லை.

தவறு நடந்தால் சட்டம் யாரைப் பிடிக்கும்?

இந்தியா 2009இல் ஏற்ற மான்ட்ரியல் உடன்படிக்கை, பயண ஒப்பந்தம் செய்த நிறுவனத்தையும் உண்மையில் பறக்கவைத்த நிறுவனத்தையும் பிரித்துப் பேசுகிறது. பெட்டி தொலைந்தாலோ தாமதத்தால் இழப்பு வந்தாலோ இருவரில் எவரையும் பயணி கேட்கலாம். ‘அவர்களிடம் போங்கள்’ என்று ஒருவர் தட்டிக்கழித்தால், இந்த உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதி வேறு மாதிரி. அது இயக்கும் நிறுவனத்தை மட்டுமே பிடிக்கும். தில்லி–பிராங்பர்ட் வழியில் ஏர் இந்தியாவும் பறக்கிறது, லுஃப்தான்சாவும் பறக்கிறது. தில்லியிலிருந்து புறப்படும் விமானத்தை இயக்குவது லுஃப்தான்சாவாக இருந்து, அது அசாதாரணக் காரணம் இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், அந்த விதி பொருந்தும். இந்தத் தொலைவுக்கு 600 யூரோ வரை கேட்கலாம். இயக்குவது ஏர் இந்தியா என்றால் அதே திசையில் அந்த விதி பொருந்தாது, டிக்கெட்டில் லுஃப்தான்சா எண் இருந்தாலும். பிராங்பர்ட்டிலிருந்து திரும்பும்போது இருவருக்கும் பொருந்தும். எண் எதுவாக இருந்தாலும் யாருடைய விமானம் என்று பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

1. ‘இயக்குபவர்’ என்ற சிறிய எழுத்து வரியை ஒவ்வொரு பயணத் துண்டுக்கும் தனித்தனியாகப் படியுங்கள். போகும் வழியில் ஒருவரும் வரும் வழியில் மற்றவரும் இருக்கலாம்.

2. விமான வகையைக் குறித்துக்கொண்டு, இயக்கும் நிறுவனத்தின் தளத்தில் அதன் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பிசினஸ் வகுப்பில் வரிசைக்கு எத்தனை இருக்கை என்று எண்ணினாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

3. இயக்கும் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விற்றவர் தரும் ஆறெழுத்துக் குறியும் இயக்குபவரின் குறியும் பெரும்பாலும் வேறு. இயக்குபவரின் தளத்தில் அவருடைய குறியைப் போட்டுத் திறந்து, உணவும் இருக்கையும் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே நம்பகமான சோதனை.

4. அதே விமானத்தை இரண்டு நிறுவனங்களும் என்ன விலைக்கு விற்கின்றன என்று ஒப்பிடுங்கள். வேறுபாடு சில சமயம் பெரிதாக இருக்கும்.

வகுப்பு மாறினால் இழப்பீடு, தரம் மாறினால்?

வாங்கிய வகுப்புக்குக் கீழான வகுப்பில் உட்காரவைத்தால் பணம் திரும்பக் கேட்க இந்தியாவிலும் விதி இருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உள்நாட்டில் டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணங்களில் தொலைவைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். ஐரோப்பிய விதியிலும் இதே மூன்று படிகள்தான். இரண்டும் கணக்கில் எடுப்பது டிக்கெட்டில் அச்சான வகுப்பை மட்டுமே. நடைவழிக்கு நேரே இறங்கும் இருக்கையின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, கூட்டாளியின் விமானத்தில் அடுத்தவர் காலைத் தாண்டிப் போகும் இருக்கையைக் கொடுத்தாலும் வகுப்பு பிசினஸ்தான். ஒரு ரூபாயும் திரும்பாது. அமெரிக்கா இயக்குபவரின் பெயரை டிக்கெட் விற்பதற்கு முன்பே தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியா இன்னும் ஒரு படி மேலே போய், கோட்ஷேர் விமானத்தின் விலைக்குப் பக்கத்திலேயே இயக்குபவரின் பெயரும், அந்த விமானத்தில் உள்ள இருக்கையின் அமைப்பும், உணவு கட்டணத்தில் அடங்குமா என்பதும் அதே அளவு எழுத்தில் தெரியவேண்டும் என்று விதிக்கலாம். நிறுவனங்களின் கணினிகளில் இந்த விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.